செப்டம்பரில் பத்து நாள்

எழுநூறு தீவுகள் என்கிறார்கள்.
நான் பார்த்தது ஒன்றே முக்கால்.
பிறந்து வளர்ந்த நாசோ ஒன்று.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
விடுதி நிற்கும் தீவு முக்கால்;
சீருடையோடு அதன் மணலில் கால் வைக்கக்கூடாது,
பின்வாசல், சலவை அறை, மறுபடி பின்வாசல்.

பதினான்கு வருடமாக
பிறருடைய விடுமுறையை வெளுக்கிறேன்.
ஒரு துண்டை உதறினால் போதும்,
வந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவேன்:
முதல் நாள் துண்டில் எண்ணெய்,
மூன்றாம் நாள் மணல்,
கிளம்பும் நாள் துண்டில்
பெரும்பாலும் கண்மை.

செப்டம்பரில் எனக்குப் பத்து நாள் விடுப்பு.
செப்டம்பரில்தான் தருவார்கள்.
அறைகள் காலி; கடலில்
ஒவ்வொரு புயலாகப் பெயர் சூட்டிக்கொண்டிருப்பார்கள்.

உணவு மேசையில் விரிக்கும் காகிதத்தில்
தீவுக்கூட்டம் முழுவதும் அச்சிட்டிருக்கும்.
காப்பி சிந்திய ஒன்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கேட் ஐலண்டுக்குக் கிழக்கே
எழுநூற்றோராவது தீவாகக் கறை.
அல்விரோ அதைப் பார்க்காமலே சொன்னார்: மயாமி.
டெனீஷா சொன்னாள்: சிக்னல் இருக்கிற எங்கேயாவது.
என் விரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது,
எக்ஸூமா, லாங் ஐலண்ட், இன்னும் கீழே,
நண்டு வறுவலின் விலைக்குச் சற்று மேலே
இனாகுவாவில் முட்டி நின்றது.

உப்பளமும் பூநாரையும் தவிர
அங்கே என்ன இருக்கிறது என்றார்.
அதுதான், என்றேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன்.
தபால் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்:
சிமெண்ட், குழந்தைகளுக்கான நாப்கின்,
படுக்கவைக்கக்கூடாது என்று எழுதி
படுக்கவைத்திருந்த ஒரு குளிர்சாதனப் பெட்டி,
எல்லாவற்றையும் வெறுத்துப் பார்க்கும் ஓர் ஆடு.
எப்போது கிளம்பும் என்று கேட்டேன்.
நிறைந்ததும், என்றார் கேப்டன்.
எப்போது திரும்பும்?
காலியானதும்.
நடுவில் எத்தனை நாள்?
வானத்தைப் பார்த்தார். அப்புறம் என் செருப்பைப் பார்த்தார்.
உங்களுக்கு வேலை என்றைக்கு, என்றார்.

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
மூன்று பேருக்குக் கப்பல் கூலி, அறை வாடகை,
பதினோராம் நாளுக்கான சம்பளப் பிடிப்பு.
பன்னிரண்டாம் நாளை நான் எழுதவில்லை,
எழுதினால் வந்துவிடும்.
முப்பத்தெட்டு டாலர் உதைத்தது.
சனிக்கிழமைகளில் இரட்டை வேலை பார்த்து
அதையும் மடக்கிப் போட்டேன்.

நடு இரவில் அல்விரோ புரண்டு படுத்தார்.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.
அந்தப் பறவை
நிஜமாகவே அந்த நிறம்தானா, என்றார்.

மறுநாள் உணவு இடைவேளையில்
இஸ்திரிப் பலகையில் முழங்கையை ஊன்றி
இனாகுவாவுக்குப் போன் செய்தேன்.
எடுத்தவர் ஒவேலியா ஃபார்க்கர்சன்.
மூன்று கட்டில் உண்டு, மின்விசிறி ஒன்று,
சாயங்காலம் கொசு அதிகம், ஒளிக்கவில்லை, என்றார்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
துண்டு மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டியிருக்கும்.

வெடித்துச் சிரித்துவிட்டேன்.
இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்டு
மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.
என்ன ஆயிற்று என்று அந்தம்மாள் கேட்கிறார்,
பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:
அங்கே வருகிறவர்கள்
பகல் முழுவதும் என்ன செய்வார்கள்?
மறுமுனையில் ஒரு சேவல் கூவி முடித்தது.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அமைதி.
வெங்காயம் ஒரு பை கொண்டுவாருங்கள், என்றார்,
கப்பல் வந்து மூன்று வாரமாகிறது.

காகிதத்தின் ஓரத்தில்
கடல் நீலத்தின் மேல் எழுதினேன்:
துண்டு மூன்று. வெங்காயம்.
கொஞ்சம் யோசித்து,
துண்டு நான்கு.
அந்தம்மாளுக்கு ஒன்று.